தபசு மரத்துப் பின்பாட்டு

ஏனாத்தூரில் பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஜெயப்ரியா அர்ஜுனன் வேஷத்தில், தவக் காட்சிக்காகப் படி அடித்து நட்ட உயரமான தபசு மரம் ஏறினாள். அவளுடைய தெருக்கூத்துக் குழுவான அந்த ஜமாவின் தொண்ணூறு வருஷத்தில் அதுவரை ஏறியவர்கள் எல்லாருமே ஆண்கள். "பொம்பள ஏறுனா இனிமே எந்த ஊர்லயும் நம்மளக் கூப்புட மாட்டாங்க" என்று ஜமாவில் பாதிப் பேர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கு ஒரு பாட்டு. அவள் பாடியதைக் கீழே பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடவேண்டும். அந்த மூச்சில்தான் அடுத்த படி. பத்தாம் படியில் பின்பாட்டு முன்னைவிடக் கணீரென்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டாள். இடுப்புப் பையிலிருந்த எலுமிச்சம்பழங்களை எல்லாம் வீசிவிட்டு, வெறும் பையை உதறிக் காட்டினாள். கீழே அதைப் பிரசாதமாகப் பிடிக்க முந்தானை ஏந்திய பெண்கள் "கோவிந்தா!" என்று கத்தினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கேயே அடுத்த வருஷக் கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்தார்கள்.

இறங்கியதும் பின்பாட்டுக்காரர் தேவேந்திரன் ஓடிவந்தார். "மன்னிச்சிக்கோமா. பத்தாம் படியில உன் மைக் பூட்ச்சு. நீ பாடுனது ஒண்ணும் கேக்கல. நாங்க வாயே தொறக்காம அண்ணாந்து பாத்துக்கினு இருந்தோம்."

ஜெயப்ரியா யோசித்துப் பார்த்தாள். பத்தாம் படிக்கப்புறம் பின்பாட்டு மேலேயிருந்துதான் வந்தது. ஆண் குரல்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு ஜமாவே பாடியது.

அண்ணாந்து பார்த்தாள். ஆளில்லாத மரத்தின் உச்சியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் நேராக அவளைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.