ராதாமணி பிடித்த கயிறு

நாலாவது கயிற்றைக் கட்ட வேண்டிய கொக்கி, கைப்பிடிச்சுவரின் காரையோடு பெயர்ந்து வந்தபோது ஏழு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

மொட்டைமாடியில் அப்போதுதான் நிமிர்த்திய இருபதடி இரும்புக் குழாய், ஆடிக் காற்றில் ஒரு ஆட்டம் ஆடியது.

மாயகிருஷ்ணன் கயிற்றை மனைவியின் கையில் கொடுத்தான்.

“ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கோட்டி. பேசிட்டு ஓடி வாரேன்.”

ராதாமணி முந்தானையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு பிடித்தாள். விட்டால் குழாய் பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாயின் தீப்பெட்டிக் கொட்டகை மேல்தான் விழும். உள்ளே மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் சட்டம் சட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அவன் படியில் இரண்டிரண்டாக இறங்கினான்.

மாயகிருஷ்ணன் கோவில்பட்டி நூல் மில்லில் எலக்ட்ரீசியன். பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, பழைய சாமான்களைக் கொண்டு தானே ஒரு ரேடியோ செட் செய்து வைத்திருந்தான். வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு வானொலியில் பேசலாம். பேசிக்கொண்டும் இருந்தான், இரண்டு வருஷமாக.

பதில்தான் ஒருவரும் சொன்னதில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். நடத்துகிறவர் மதுரையில் ஒரு டாக்டர். அவர் குரல் அடுத்த அறையில் இருந்து பேசுவதுபோல விழும். மற்றவர்கள் பேசுவது மாயகிருஷ்ணனுக்கு வெறும் இரைச்சல்தான். டாக்டர் சிரிப்பார். என்ன வேடிக்கை என்று தெரியாமலே இவனும் சேர்ந்து சிரித்துக்கொள்வான்.

கடைசியில் டாக்டர், “தெற்கே வேற யாராவது இருக்கீங்களா?” என்று கேட்பார். இவன் பாய்ந்து தன் பெயரையும் ஊரையும் சொல்வான். கொஞ்ச நேரம் அமைதி. “யாரும் இல்லை போலிருக்கு. முடிச்சுக்கலாம்” என்பார்.

குறை நம்முடையதுதான் என்று இவன் எடுத்துக்கொண்டான். மனை மூன்று சென்ட். ஏரியல் கம்பியோ அறுபத்தாறு அடி வேண்டும். சுவரைத் தாண்டி ஒரு முழம் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, மருந்து இருக்கிற இடத்துக்கு மேலே கரண்டுக் கம்பியா என்று சொர்ணத்தாய் அடிக்க வராத குறை. பக்கவாட்டில் இடமில்லாதவனுக்கு வானம்தான் மிச்சம். கம்பியின் நடுவை உயரத் தூக்கி, இரண்டு நுனியையும் குடிசைக் கூரைபோலச் சரித்துக் கட்டினால் மனைக்குள் அடங்கிவிடும்.

முதலில் மூங்கில். அப்புறம் சவுக்குக் கம்பு. கம்பியை இரண்டு தடவை மாற்றினான். கரிசல் மண் வெடித்து எர்த் நிற்கவில்லை என்று உப்பும் கரியும் போட்டுக் குழியில் தண்ணீர் ஊற்றினான். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் வருகிற தண்ணீர். ராதாமணிதான் குடத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“செவிடன் காதுல சங்கு ஊதுத மாதிரில்லா இருக்கு” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொர்ணத்தாய் சொல்வாள்.

அவன் விடவில்லை. அன்றன்றைக்குச் செய்த மாற்றத்தை அன்றன்றைக்கே மைக்கில் ஒப்பிப்பான். ஐயா, மூங்கிலை எடுத்துட்டேன். ஐயா, எர்த் மாத்திருக்கேன், இப்பவாவது கேக்குதா. இரும்புக் குழாய் விஷயத்தைச் சொர்ணத்தாய்க்குப் பயந்து மில்லில்கூட அவன் வாய்விடவில்லை. நேற்று மைக்கில் மட்டும்தான் சொன்னான், நாளைக்கு இருபதடிக் குழாயை நட்டு நிறுத்தப் போவதாகவும் கயிறு பிடிக்க ராதாமணி இருப்பதாகவும்.

“எம் பேரை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லுதீய?” என்று அவள் கூசிப்போனாள்.

“யாருக்குக் கேக்கப் போவுது” என்றான்.

இப்போது கீழே வந்ததும் செட்டைப் போட்டான். இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. கூட்டம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. டாக்டர் சும்மா பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்கிற ஆளின் குரலும், இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, தெளிவாகக் கேட்டது.

“கோவில்பட்டிக்காரரை இன்னும் காணோமே சார்?”

“இன்னைக்கு இரும்புக் குழாய் நடுறார்ல. ராதாமணி கயிறு பிடிக்கணும், நேரமாகும்.” டாக்டர் சிரித்தார், எப்போதும்போல.

“பாவம் சார், தண்ணியெல்லாம் ஊத்துனாரு. ஒரு நாளாவது பதில் சொல்லிரலாமா?”

“சொன்னா அப்புறம் தினம் விடமாட்டார். மில்லுக்காரர்கிட்ட நமக்கு என்ன பேச்சு? கேட்காத மாதிரியே இருங்க.”

மாயகிருஷ்ணன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்தெந்தச் சிரிப்புக்குத் தான் கூடச் சிரித்தோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

ஏழு மணிக்கு டாக்டர் குரலை மாற்றிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினார். எடுத்த எடுப்பிலேயே, “தெற்கே யாராவது இருக்கீங்களா?” என்றார். அந்த இன்னொருவர் சிரிப்பை அடக்குவதும் கேட்டது.

மாடியிலிருந்து ராதாமணி கத்தினாள்.

“கேக்குதா? கயிறு கையை அறுக்குது.”

அவன் சத்தத்தைக் குறைத்தான். எழுந்து படியில் பாதி வரைக்கும் ஏறி நின்றான். அங்கிருந்து பார்த்தால் அவள் கையில் சுற்றியிருந்த முந்தானையில் சிவப்பு தெரிந்தது.

“ஒண்ணும் கேக்கலை” என்றான். “இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி.”