மூன்றாவது சுழி

புதுப் பலகையில் நான்கு வரி காய்ந்திருந்தது.

ஆலங்கரடு வனச் சுற்றுலாத் தலம். காட்சிக் கோபுரம். சிறுவர் பூங்கா. படகுத் துறை.

ஐந்தாவது வரிக்கு அவர் சாக்பீஸால் கோடு போட்டு, எழுத்துக்கு எழுத்து இடம் அளந்து வைத்திருந்தார். வேலை வனக்காப்பாளர் வேலைதான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கப்போய் பலகை எழுதுவதும் அவர் தலையில் விழுந்தது.

இருபத்தோரு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் நின்ற பழைய பலகையும் அவர் எழுதியதுதான்.

அதில் ஒரு பிழை.

கண்ணிப்பாறை என்று எழுத வேண்டும். இந்தக் கரடு ஜமீன் வேட்டைக்காடாக இருந்த காலத்தில் முயலுக்கும் பன்றிக்கும் கண்ணி வைத்த பாறை. வேறு கதை அதற்குக் கிடையாது.

கன்னிப்பாறை என்று எழுதிவிட்டார்.

மூன்று சுழிக்கு இரண்டு சுழி. ஐந்தாம் வகுப்பில் இதே எழுத்துக்குப் பிரம்படி வாங்கியவர்.

எந்த அதிகாரியும் கவனிக்கவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கவனித்தார்கள். எந்தக் கன்னி என்று கேட்டார்கள். ஜீப் ஓட்டும் மொக்கராசு ஒரு கன்னியை உண்டாக்கினான். மழை வேண்டிப் பாறைமேல் தவமிருந்தவளாம். அப்படியே காட்டோடு கலந்துவிட்டாளாம். அடுத்த சவாரியில் அவளுக்கு ஏழு அண்ணன்மார் வந்தார்கள். அதற்கடுத்த சவாரியில் ஏழு பேருக்கும் வெள்ளைக் குதிரை.

வருஷம் திரும்புவதற்குள் பாறையோர வெட்பாலை மரத்தில் முதல் வளையல் தொங்கியது.

அவர் பார்த்தார். பிழை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மெமோ வரும். அப்போது அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை.

வாயைத் திறக்கவில்லை.

இப்போது மேலிடத்துக்குப் பழைய வரைபடம் கிடைத்திருக்கிறது. பெயரைத் திருத்த உத்தரவு. மரத்தில் தொங்குவதை எல்லாம் அறுத்து அப்புறப்படுத்தவும் உத்தரவு. நேற்று ரேஞ்சர் கொடுத்த அரிவாளும் சாக்கும் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தன.

மொக்கராசு ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, இத்தன வருசங் கழிச்சு இம்போசிசன் எழுதுறீக?"

அவர் பெயின்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஒன்பது மணி பஸ்ஸில் அவள் வந்தாள்.

அவர் எதிர்பார்த்ததுதான். ஆடி முதல் வெள்ளி.

நாலு வருஷத்துக்கு முன் கல்லூரியிலிருந்து சுற்றுலா வந்த பெண்களில் ஒருத்தி அந்தப் பாறையில் வழுக்கி விழுந்தாள். கௌசல்யா. பத்தொன்பது வயது. பள்ளத்தில் இறங்கித் தூக்கி வந்த நாலு பேரில் அவரும் ஒருவர்.

இவள் கௌசல்யாவின் அம்மா.

வருஷம் தவறாமல் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலும் ஒரு பாவாடைத் துணியும் கொண்டுவருவாள். கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண்ணை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். மற்றவர்கள் வீட்டிலேயே படைப்பார்கள். இவள் மட்டும் மலை ஏறி வருவாள்.

பலகைக்கு முன் நின்றாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். படகுத் துறை வரை வந்து நிறுத்தினாள்.

"பேரு இனிமேதானா?"

"ஆமா தாயி."

"நல்லாப் பெருசா எழுதுங்கண்ணே. பழசு மங்கிப் போச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கு எம்புள்ளயத் தேடி ஓடியாரயில மொதல்ல கண்ணுல பட்டது அந்தப் பேருதான். ஒத்தையில போகல, இங்கன ஒருத்தி தொணைக்கி இருக்கான்னு மனசுக்குள்ள விழுந்துச்சு. அதுலதாண்ணே நான் வீடு போய்ச் சேந்தேன்."

அவர் தூரிகையைப் பெயின்டில் தோய்த்தார்.

அவள் நகரவில்லை. எழுதி முடித்ததைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றாள்.

க.

அடுத்த எழுத்துக்கு மூன்று சுழிக்கு இடம் அளந்திருந்தார்.

ஒரு சுழி.

அவள் பையில் வளையல்கள் லேசாகக் கிலுங்கின.

இரண்டாவது சுழி.

தூரிகை நின்றது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, பலகையின் கீழ்க்கட்டையில் விழுந்தது.

கோட்டைக் கீழே இறக்கினார். மேலே புள்ளி வைத்தார்.

மிச்ச எழுத்துகளுக்குக் கை எங்கேயும் நிற்கவில்லை.

அவள் முதலிலிருந்து கூட்டி வாசித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு பாறையைப் பார்த்து நடந்தாள்.

அளந்து விட்ட இடம் காலியாகத் தெரிந்தது. ரேஞ்சர் கண்ணுக்கும் தெரியும்.

அவர் சாக்கை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்தார். மடியில் ரோந்து விவரம் எழுதும் பீட் நோட்டை விரித்து, ஒரு தாளை விளிம்பு பிசகாமல் கிழித்தார். இடப்பக்கம் அனுப்புநர். கீழே பெறுநர். வலப்பக்கம் தேதி.

ஐயா, பிழை என்னுடையது.

அது வரை தங்குதடை இல்லாமல் வந்தது.

வெட்பாலைக் கிளையில் வளையல் கட்டும் சத்தம் கேட்டது.

எந்தப் பிழை என்பதை அடுத்த வரியில் எழுத வேண்டும்.