தோட்டத்துப் பக்கத்து வீடு

"மரம் நடுறதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா? நீங்களே சொல்லுங்க."

ஒரு வாரமாக வீட்டு புரோக்கர் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சலூனில் கேட்டார், பெட்ரோல் பங்கில் கேட்டார். அவர் கேட்கிற தினுசிலேயே பதிலும் இருந்ததால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மகளுக்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டடத்தைச் சுற்றி மண்ணையும் மரத்தையும் தண்ணீரையும் எங்கே, எப்படி வைப்பது என்று சொல்லித் தருகிற படிப்பு. அவளும் விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டாள். அப்பா செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தார். ஐந்து வருஷத்து ஃபீஸ், ஹாஸ்டல் செலவு, அந்தப் பணம் பேங்கில் கிடந்தால் வரும் வட்டி எல்லாம் ஒரு பக்கம். படித்து முடித்தால் வரப்போகிற சம்பளம் இன்னொரு பக்கம். தட்டி முடித்து, போனை மனைவி முகத்துக்கு நேரே நீட்டினார்.

கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றாள் மனைவி.

"தெரியவே வேணாம். மொத்தமும் நஷ்டம்."

ஃபீஸ் கட்ட அன்றுதான் கடைசி நாள். சீட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், கட்டிய முன்பணமாவது திரும்பி வரும். அதற்கென்று பூர்த்தி செய்து கொடுக்க ஒரு பாரம் உண்டு. முந்தின நாளே மகளைக் காலேஜுக்கு அனுப்பி அதை வாங்கி வரச் சொன்னார். அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள். பாரம் வேண்டுமானால் அப்பாவே நேரில் வரட்டும் என்று கவுன்ட்டரில் இருந்த அக்கா சொல்லிவிட்டாராம்.

ஒரு காகிதம் கொடுக்க இவ்வளவு பிகுவா என்று முணுமுணுத்துக்கொண்டே மகளைக் காரில் ஏற்றினார். போகிற வழியில் ஒருவருக்கு வீடு காட்டவும் வேண்டியிருந்தது.

வீடு பார்க்க வந்தது ஒரு பெண்மணி. அதுவரை போனில் பேசியதோடு சரி. பக்கத்தில் ஏதோ ஆபீஸில் வேலை, சாப்பாட்டு நேரத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார். லிஃப்ட் வாசலில் அவரைக் கண்டதும் மகள், "அப்பா, இவங்க..." என்று ஆரம்பித்தாள்.

"உங்க பொண்ணா சார்? தண்ணி இருந்தா கொஞ்சம் குடும்மா, நடந்து வந்ததுல நாக்கு வறண்டு போச்சு" என்றார் அந்த அம்மா. மகளின் பேச்சு அதோடு நின்றது.

வீடு காட்டுவதில் புரோக்கருக்கென்று ஒரு முறை உண்டு. கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்த வீட்டை முதலில் காட்டினார். பிறகு அதே மாடியில், அதே அளவில், தோட்டத்துப் பக்கத்து வீடு. அங்கே சமையலறை, குளியலறை, அலமாரி எல்லாம் காட்டி முடிக்கும்வரை பால்கனித் திரையைத் தொடவே மாட்டார். கடைசியில் ஒரே இழுப்பு. இழுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். வாழ்க்கையில் அவர் வாயை மூடுகிற இடம் அது ஒன்றுதான் என்று மனைவி சொல்வாள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வீடும் ஒண்ணுதானே சார். இதுக்கு மட்டும் ஏன் எட்டு லட்சம் அதிகம்?"

"தோட்டம் மேடம்."

"நாலு மரம் நட்டிருக்காங்க. அதுக்கா எட்டு லட்சம்?"

புரோக்கருக்குச் சுருக்கென்றது.

"நாலு மரம்னு சொல்லாதீங்க மேடம். மொட்டை வெயில் அடிக்குது, அந்த பெஞ்சைப் பாருங்க, நிழல்ல இருக்கு. கொட்டுற மழையில வந்து பாருங்க. கார் நிறுத்துற பக்கம் கணுக்கால் அளவு நிக்கும், இங்கே சொட்டு நிக்காது, அத்தனையும் அந்தக் குளத்துக்குப் போயிடும். இதெல்லாம் தானா அமைஞ்சதா? இதுக்குன்னே வருஷக்கணக்கா படிச்சவங்க உட்கார்ந்து யோசிச்சு வரைஞ்சது. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும், தோட்டம் வருஷத்துக்கு வருஷம் மதிப்பு ஏறும்."

கார் நிறுத்துகிற பக்கத்து வீட்டை இனி யார் தலையில் கட்டுவது என்ற யோசனைகூட அவருக்கு அப்போது வரவில்லை. போன மாதம் இதே பால்கனியில் நின்று மகள் சொன்னதைத்தான் சொல்லுக்குச் சொல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் நினைவில்லை. மகளுக்கு நினைவிருந்தது. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு சும்மா நின்றாள்.

"விக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. அவ்வளவு மதிப்பான படிப்புன்னா, உங்க பொண்ணை அதுல சேர்ப்பீங்களா சார்?"

புரோக்கர் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆனால் அந்த எட்டு லட்சத்துக்கும் சேர்த்துத்தானே கமிஷன்.

"சேர்க்கிறதாவது? சீட்டே வாங்கியாச்சு மேடம்." சீட்டை விடுவதற்காகப் பையில் எடுத்து வந்த அதே கடிதத்தை உருவி நீட்டினார். "இன்னிக்குத்தான் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். உங்களுக்கு வீட்டைக் காட்டிட்டு நேரா அங்கேதான் போறோம். வேணும்னா இவளையே கேளுங்க."

"அங்கேதான் போறோம்" என்றாள் மகள். அதுவரைக்கும் உண்மைதான்.

அந்த அம்மா கடிதத்தை நிதானமாகப் படித்தார். மடித்து, புரோக்கரிடம் தராமல் மகள் கையில் வைத்தார். தோட்டத்துப் பக்கமே இருக்கட்டும், சாயங்காலம் அட்வான்ஸ் தந்துவிடுகிறேன் என்றார். வீட்டைப் பூட்டும்போது புரோக்கருக்குக் கால் தரையில் பாவவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"நேத்து எங்க கவுன்ட்டர்ல வந்து ஒரு பாரம் கேட்டியேம்மா, இனிமே அது வேண்டாம்தானே?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கதவுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தார்.

"சாப்பாட்டு நேரம் முடியப்போகுது சார். உங்க ஃபீஸை வாங்க நான் அங்கே இருக்கணுமே, என்னையும் உங்க வண்டியில ஏத்திக்குங்களேன்."