அம்மாவின் கட்டம்

"இன்னும் எத்தன ஆபீசு புள்ள?" என்று கேட்டுவிட்டு, மகள் பதில் சொல்வதற்குள் சந்திரகாந்தா சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதாம்மா கடைசி. இங்கயும் இல்லன்னா வீட்டுக்குப் போயிருவோம்."

இதையேதான் சுதர்சினி காலையில் பல்லேபொல ஆபீசிலும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு பஸ், ஒரு முச்சக்கர வண்டி, பூட்டிக் கிடந்த ஒரு கதவு. மாத்தளை டவுனில் இந்தப் பழைய பதிவேட்டு அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. இருவருக்கும் கால் ஓய்ந்துபோயிருந்தது.

எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தால் வந்த வினை. சுதர்சினியின் புருஷன் வீட்டு ஹாலில் அவர்களுடைய வம்சம் ஏழு தலைமுறைக்கு மரமாகக் கிளைவிட்டுத் தொங்குகிறது. போன மாதம் நாத்தனார் தயாளினி விருந்தாளிகளுக்கு அதைக் காட்டிவிட்டு, "அண்ணி பக்கம் எழுதுறதுக்கு என்ன இருக்கு, தேயிலைத் தோட்டத்து ஆளுங்கதானே!" என்று சிரித்தாள். சுதர்சினியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். சிரித்த வாய் மூன்று நாள் கசந்தது.

அவளுக்கு ஏழு தலைமுறை எல்லாம் வேண்டாம். அம்மா, அம்மாவின் அப்பா அம்மா, கிடைத்தால் அவர்களுக்கு மேலே ஒரே ஒருவர். முத்திரை குத்திய ஆதாரத்தோடு எழுதி, அதே சுவரில் மாட்டிவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று ஃபோனில் தேடிப் பார்த்து, கட்டம் கட்டமாக அச்சடித்த தாள் ஒன்றும் எடுத்துவைத்திருந்தாள். முதல் கட்டத்தில் அவள் பெயர், பேனாவால். இரண்டாவதில் அம்மா, பென்சிலால். ஆதாரம் கிடைத்ததும் அதன்மேல் பேனா ஓடும். மற்றதெல்லாம் வெறுங்கட்டம்.

உதவிக்கு என்று கூட்டிவந்த அம்மாவோ வாயே திறக்கவில்லை. பஸ் நெடுக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். மாரியம்மனைக் கும்பிடுகிறாள் போலிருக்கிறது என்று சுதர்சினியும் விட்டுவிட்டாள். நடுவில் ஒரு நிறுத்தத்தில் யாரோ யாரையோ "மீனாச்சி!" என்று கூப்பிட, அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சவங்களாம்மா?"

"இல்ல புள்ள," என்றாள். மறுபடி உதடு அசையத் தொடங்கியது.

எழுதுவினைஞர் இராஜசிங்கம் பென்ஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர். புழுதி படிந்த புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து மேசையில் போட்டார்.

"தோட்டத்துப் பதிவு தேடுறது லேசில்லைப் பிள்ளை. ஒரே பேரில நாப்பது பேர் இருப்பினம். பொறுங்கோ." அவர் விரல் பக்கத்தில் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது. "இந்தா! சந்திரகாந்தா. அப்பா அழகமுத்து, அம்மா பேச்சாயி. அம்பத்தொன்பதாம் ஆண்டு. சரியோ?"

சுதர்சினிக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அலைந்த அலைச்சல் அந்த ஒரு வரியில் தீர்ந்துபோனது. "சரிதான் சேர்! அப்படியே எங்க தாத்தா செத்த பதிவும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, இறப்புப் புத்தகத்தை எடுத்தார். அந்தத் தோட்டத்துப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் திடீரென்று நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்தார், வாங்கிலிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"பிள்ளை, இதிலயும் ஒரு சந்திரகாந்தா கிடக்கு. அதே அப்பா, அதே அம்மா. அறுபத்தாறாம் ஆண்டு, ஏழு வயசில, வயித்தோட்டத்தில செத்ததாம். தோட்டத்து ஆஸ்பத்திரி அறிவிச்சிருக்கு."

"யாராவது தப்பா எழுதியிருப்பாங்க சேர். அம்மாதான் இந்தா உசுரோட உக்காந்திருக்காங்களே!"

"தப்பில்ல," என்றாள் அம்மா, உட்கார்ந்தபடியே. "அது எங்க அக்கா."

சுதர்சினி அம்மா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அப்ப நாலு வயசு. பொறந்ததையே பதியல, அதனால அரிசிக் கூப்பனும் இல்ல. செத்த புள்ளைக்கு அரிசி வருது, உசுரோட இருக்கிற புள்ளைக்கு இல்ல. அப்பா என்ன செய்வாரு? அக்கா கூப்பனத் திருப்பிக் குடுக்கல. மறுநாள்லேருந்து நாந்தான் சந்திரகாந்தா. அந்தப் பேருலதான் பள்ளிக்கூடம், தோட்டத்துச் சம்பளச் செக்ரோல், கல்யாணம், எல்லாம். வீட்டுல யாராச்சும் வாய் தவறிப் பழைய பேரச் சொன்னா அப்பா வெளக்கமாத்த எடுப்பாரு. எனக்குப் பதினஞ்சு வயசாகுறதுக்குள்ள அவரும் போயிட்டாரு, அம்மாவும் போயிட்டாங்க."

சுதர்சினிக்கு நாத்தனாரும் மறந்துபோனாள், சுவரும் மறந்துபோனது. அம்மாவின் அடையாள அட்டை, தன் பிறப்புச் சான்றிதழில் தாய் என்று எழுதியிருக்கும் பெயர், எல்லாமே ஏழு வயதில் செத்துப்போன ஒரு பெரியம்மாவுடையது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே!

கைப்பையைத் துழாவி அழிறப்பரை எடுத்தாள். இரண்டாவது கட்டத்தில் இருந்ததை அழுத்தி அழித்தாள். தாள் லேசாகக் கிழிந்தது. பரவாயில்லை என்று பென்சிலோடு வாங்கில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இது ஒன் கட்டம்மா. சொல்லு, ஒன்னோட சொந்தப் பேரு என்ன?"

அம்மா அந்த வெறுங்கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதத்தான் புள்ள, காலையில பஸ்ஸு ஏறுனதுலேருந்து ஒவ்வொரு பேரா வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்குறேன்," என்றாள். "ஒண்ணுகூட என்னையக் கூப்பிடுற மாதிரி இல்ல."