ஜெயிச்சுட்டீங்களா, வக்கீலய்யா?

வக்கீல் மயில்சாமிக்கு அந்த இரண்டு பேரையும் பார்த்தாலே வெறுப்பாக இருந்தது.

ஆத்தப்பனும் அக்பரும் மீசை முளைத்த காலத்திலேயே கூட்டுச் சேர்ந்து திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பித்தவர்கள். இப்போது அறுபது வயசுக்கு மேல் கோர்ட்டுப் படி ஏறியிருந்தார்கள்.

கூட்டைக் கலைத்து, கம்பெனியையும் அது நிற்கிற இடத்தையும் பிரித்துத் தரவேண்டும் என்பது ஆத்தப்பன் போட்ட வழக்கு. ஒரு ஊசியைக்கூடப் பிரிக்க விடமாட்டேன் என்று அக்பர் எதிர்த்து நின்றார். தீர்ப்பு வரும்வரை எதையும் விற்கக்கூடாது, கம்பெனி எப்போதும்போல ஓடவேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தது.

கோர்ட் வராந்தாவில் ஆளுக்கொரு தூணோரமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். பணம் வந்தால் மனுஷன் இப்படித்தான் ஆகிவிடுகிறான் என்று மயில்சாமி நினைத்துக்கொள்வார்.

வியாபார வழக்கு என்றால் கோயமுத்தூரில் எல்லோரும் முதலில் சொல்கிற பேர் மயில்சாமிதான். மில் முதலாளிகளே அவர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடப்பார்கள். அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் சாட்சிக்கு நாக்கு வறண்டுவிடும். ஆத்தப்பனின் மூத்த மகன்தான் தேடிவந்து அவரை அமர்த்தினான்.

ஆனால் ஆத்தப்பனைப் போல ஒரு கட்சிக்காரரை அவர் கண்டதில்லை. கேட்ட பத்திரத்தைக் கொண்டுவர மறந்துவிடுவார். சாட்சி சொல்லவேண்டிய நாளில் வயிற்றுவலி என்பார். வயசானவர், போகட்டும் என்று மயில்சாமியே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தார். கூண்டில் ஏறிய அக்பரை மடக்கி மடக்கிக் கேட்டு, கண்கலங்க வைத்துவிட்டார்.

தீர்ப்பு ஆத்தப்பன் பக்கம் வந்தது. அன்றைக்கும் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை; அக்பரும் வரவில்லை. மகன் மட்டும் வந்திருந்தான். கேட்ட கையோடு, ஒருத்தரைப் பார்க்கணும் என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் மயில்சாமிக்கு ஈரோட்டில் வேலை. போகிற வழிதானே, நல்ல சேதியை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று அன்று சாயந்திரமே கிளம்பி, திருப்பூரில் காரை நிறுத்தினார்.

கம்பெனி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரே பெஞ்சில் ஆத்தப்பனும் அக்பரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தூக்குப்போசி. அக்பரின் மனைவி குல்சார் பேகம் கொடுத்தனுப்பிய இடியாப்பத்தை இரண்டு பேரும் அதிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அக்பர் ஏதோ சொல்ல, ஆத்தப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மயில்சாமி அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"தீர்ப்பு வந்துருச்சுங்க," என்றார். "நமக்குத்தான்."

ஆத்தப்பனின் சிரிப்பு நின்றது.

"ஜெயிச்சுட்டீங்களா, வக்கீலய்யா?"

இழவுச் சேதி கேட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். வழக்கில் தோற்ற அக்பர்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்பரே மெல்ல விஷயத்தைச் சொன்னார். இரண்டு வீட்டு மகன்களுக்கும் கம்பெனியில் பங்கு உண்டு. அவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து, கம்பெனியை மூடி, இடத்தைச் சினிமாக் கொட்டகை கட்ட ஒருவருக்கு விற்பதென்று பேசிவிட்டார்கள். அப்பன்மார் பேச்சு எடுபடவில்லை. வேறு வழி தெரியாமல், பெரியவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வது என்று ரகசியமாக முடிவு செய்தார்கள். வழக்கு நடக்கிறவரை யாரும் எதையும் விற்க முடியாதே.

"கேஸை வெரசா முடிக்கோணும்னுதானுங்க எம்பட பையன் உங்களைக் கொண்டாந்தான்," என்றார் ஆத்தப்பன் தலையைக் குனிந்தபடி. "இது நெசமான சண்டைன்னு அவன் நம்பிட்டானுங்க."

மயில்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னையும் கோர்ட்டையும் வைத்து இத்தனை காலம் நாடகம் ஆடியிருக்கிறார்கள்.

"கூண்டுல நின்னு அழுதீங்களே பாய், அதுவும் நடிப்புத்தானுங்களா?"

"இல்லீங்க," என்றார் அக்பர். "நீங்க கேட்ட கேள்வியில, கம்பெனி கையை விட்டுப் போயிருமோன்னு நெசமாலுமே பயந்துட்டனுங்க."

மயில்சாமி காரைப் பார்த்துத் திரும்பினார்.

அந்த நேரம் உள்ளே மிஷின்கள் நின்றன. வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். தீர்ப்பு நாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்டவரைக் கண்டதும் யாரும் வீட்டுக்கு நகரவில்லை. மடிப்பு வேலை செய்கிற பெரியாத்தாள்தான் துணிந்து முன்னால் வந்தாள்.

"நாளைக்கு வேலை இருக்குதுங்களா, முதலாளி?"

ஆத்தப்பன் அக்பரைப் பார்த்தார். அக்பர் தரையைப் பார்த்தார்.

"இருக்குதும்மா," என்று ஒரு குரல் கேட்டது. "எல்லாரும் வாங்க."

சொன்னது மயில்சாமி. சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

பெண்கள் போகும்வரை அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்து, பெஞ்சில் ஆத்தப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அக்பர்.

"எதிர்க்கட்சிக்காரருக்கு நான் யோசனை சொல்லக்கூடாதுங்க. அது எங்க தொழிலுக்கே துரோகம்," என்றார் ஆத்தப்பனிடம். "ஆனா என் கட்சிக்காரருக்கு, அவரு ஜெயிச்ச தீர்ப்புல எங்கெங்க ஓட்டை இருக்குது, அதுல எதைப் புடிச்சு அப்பீல் போனா உடனே தடை உத்தரவு கெடைக்கும்னு வெவரமாச் சொல்ல வேண்டியது என் கடமை. கொஞ்சம் சத்தமாவே சொல்றனுங்க. பக்கத்துல யாரு காதுல விழுந்தாலும் எனக்குத் தெரியாது."