ஐந்தாவது டிவிடி

பேத்திக்கு அம்மை போட்டிருந்ததால் மகள் ரெஜினாவின் குடும்பம் அவள் தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை. ஞானமுத்து வீடியோவை டிவிடியில் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்தார். "எங்க பிளேயர்ல ஓடலப்பா" என்று போன் வந்தது. வேறு கம்பெனித் தட்டில் பதிந்தார், வேறு ஃபார்மட்டில் பதிந்தார். அவர் நேரில் கொண்டுபோன நான்குமே ஓடவில்லையாம். ஐந்தாவதை, கம்ப்யூட்டரில் அதற்குமேல் குறைக்க முடியாத வேகத்தில் பதிந்து, நான்கு மணிநேரம் பஸ்ஸில் போனார். மகள் அதை அலமாரியில் வைத்துவிட்டு மீன்குழம்பு ஊற்றினாள். "தாத்தா, மாமா கல்யாணத்துல நீங்க அழுத மாதிரி செஞ்சு காட்டவா?" பேத்தி, இல்லாத பாக்கெட்டைத் தட்டிப் பார்த்து, கர்சீப் அகப்படாமல், இல்லாத துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெஜினாவின் கரண்டி அப்படியே நின்றது. ஞானமுத்து சோற்றைப் பிசைந்தார். "இதுவும் ஓடலன்னா சொல்லும்மா. இன்னும் மெதுவா ரைட் பண்ணிக் கொண்டாறேன்."