தரைத்தளத்துக்குப் பங்கில்லை

லிஃப்டுக்குப் புதுக் கயிறு மாற்றியாயிற்று. செலவை யார் தலையில் கட்டுவது என்று பேசத்தான் அன்றைய கூட்டம்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செயலாளரைத் தேர்ந்தெடுத்த அன்று ஊரில் இல்லாத ஒரே ஆள் நான்தான். அதனால் போட்டியே இல்லை.

ஐந்தாம் மாடிக்கு இவ்வளவு, நான்காம் மாடிக்கு இவ்வளவு என்று வாசித்துக்கொண்டே இறங்கினேன். தரைத்தளத்துக்கு ஒன்றும் இல்லை.

அது தரைத்தள அண்ணன் போராடி வாங்கியது. "எங்க வீட்டு ஆளுங்க அந்தப் பொட்டிக்குள்ள காலே வைக்க மாட்டாங்க, நாங்க எதுக்குக் கட்டணும்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கி, எங்களைக் களைக்க வைத்தே ஜெயித்தவர்.

அவர் எழுந்தார். நான் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தயாராகி, சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டையும் சேர்த்துக்கப்பா."

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதயக் கோளாறு.

"துணி காயப்போட அவ மொட்டைமாடிக்கு லிஃப்டுலதான் போயிட்டு வர்றான்னு நெனச்சேன். நான் வெளிய பேசுறத பேசுவேன், அவ பாட்டுக்குப் போவா வருவான்னு. தினமும் படியிலதான் ஏறினாளாமே. ஈரத்துணியோட."

சட்டைப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் தம்பி? நான் பேசினதாலயா?"

இந்த வாயால் எத்தனையோ உளறியிருக்கிறேன். அன்றைக்கு அது கொஞ்சம் உதவியது.

"அட நீங்க வேற, அண்ணே. அண்ணிக்கு லிஃப்டுன்னாலே பயம். கதவு மூடினா மூச்சு முட்டுதும்பாங்க. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"ஆமாமா, என்கிட்டயும் சொன்னாங்க" என்றார் ஐந்தாம் மாடி அக்கா, யாரும் கேட்காமலே.

மூன்றாம் மாடிக்காரர் தலையாட்டினார். இரண்டாம் மாடியும் ஆட்டியது. பல்பு மாற்றும் காசுக்குக்கூட ஒத்துப்போகாத கூட்டம் அது.

"பயமா? அவளுக்கா?" அண்ணன் சிரிக்கப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"பங்கெல்லாம் கிடையாது அண்ணே. முடிவு பண்ணது பண்ணதுதான்" என்று கொஞ்சம் கறாராகவே சொன்னேன். வாங்கிக்கொண்டால், ஏன் வாங்கினோம் என்று அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசிப்பார்.

லிஃப்டு கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, "வாங்க அண்ணி, யாரு பார்க்கப் போறா?" என்று நான் கூப்பிட்ட நாட்கள் உண்டு.

அண்ணி பக்கெட்டைப் படியில் இறக்கி வைப்பார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே நிற்பார்.

"வேணாம் தம்பி. அவரு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாரு."